முதல் தோட்டா யாருடையது? ‘தி பிளேஸ் பியாண்ட் தி பைன்ஸ்’ படத்தின் தந்தைகளும் மகன்களும்

கேட்கப்பட்ட கேள்வியில் இரண்டு பகுதிகள் உள்ளன. ‘தி பிளேஸ் பியாண்ட் தி பைன்ஸ்’ படத்தின் முதல் பாதி பிரமாதமாக இருக்க, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் மகன்களைப் பற்றி வரும் கடைசிப் பகுதி தற்செயல்களை நம்பி ஓடுவதாகத் தோன்றுகிறதே, அது ஏன் என்பது ஒன்று. திருடனின் மகன் திருடனாகவும் அதிகாரம் படைத்தவனின் மகன் அதிகாரத்துக்குப் பக்கத்திலும் போய் முடிவதால், குணம் ரத்தத்தில் வருகிறது என்றுதானே இந்தப் படம் சொல்கிறது என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்தால் முதல் கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். கதையின் முடிவு வரை பேசாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

என் பதில் இதுதான்: இந்தப் படத்தில் தந்தையிடமிருந்து மகனுக்குப் போய்ச் சேருவது ரத்தமும் அல்ல, குணமும் அல்ல. மறைக்கப்பட்ட ஒரு தகவல்தான் போய்ச் சேருகிறது. ஒரு வீட்டின் மாடி அறையில் சில நொடிகளில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் முதலில் சுட்டது யார் என்ற தகவல் அது. இறந்தவன் தன் மகனிடம் எதையும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு சாகிறான். சுட்டவன் நடந்ததை மாற்றிச் சொல்லிப் பிழைக்கிறான். இந்த இரண்டு மறைப்புகளும் சேர்ந்து இரண்டு பையன்களை வளர்க்கின்றன. இதை ஒரு காவல்துறைப் படமாகவே எடுத்திருக்க முடியும் என்பதற்குக் காரணமும் இதில்தான் இருக்கிறது.

முதலில் படத்தைப் பற்றிச் சுருக்கமாக. டெரெக் சியன்ஃபிரான்ஸ் இயக்கிய இப்படம் 2012 செப்டம்பரில் டொராண்டோ திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டு, 2013 மார்ச் மாத இறுதியில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. சுமார் 140 நிமிடம் ஓடும் படம். இயக்குநருடன் பென் கோச்சியோ, டேரியஸ் மார்டர் ஆகியோரும் சேர்ந்து திரைக்கதை எழுதினார்கள். தன் மனைவி இரண்டாவது மகனைச் சுமந்திருந்த 2007-ஆம் ஆண்டில், தனக்குள் இருக்கும் ஏதோ ஒரு நெருப்பு பிறக்கப்போகும் பிள்ளைக்கும் போய்விடுமோ என்று யோசித்ததிலிருந்து இந்தக் கதை பிறந்தது என்று சியன்ஃபிரான்ஸ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆகவே ரத்தம் பற்றிய கேள்வி படத்துக்கு வெளியிலிருந்து நாம் கொண்டுவந்து ஒட்டியதல்ல. படைத்தவரின் அச்சமே அது. அந்த அச்சத்தோடு தொடங்கினாலும், எழுதி முடிக்கும்போது படம் வேறொரு விடையை வந்தடைந்திருக்கிறது என்பது என் வாசிப்பு.

கதை முழுவதும் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனக்டடி நகரத்தில் நடக்கிறது. நியூயார்க் என்றதும் நினைவுக்கு வரும் மாநகரம் இதுவல்ல. அங்கிருந்து வடக்கே வெகுதூரத்தில், மோஹாக் ஆற்றங்கரையில் இருக்கும் தொழில் நகரம். படத்தின் தலைப்பே அந்த ஊரின் மோஹாக் மொழிப் பெயரிலிருந்து வந்ததுதான். 1892-இல் உருவான ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தலைமையகம் பல பத்தாண்டுகள் இங்கேதான் இருந்தது; 1974-இல் அது கனெக்டிகட் மாநிலத்துக்கு இடம்பெயர்ந்தது. 1930-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 95,000-க்கும் மேல் இருந்த மக்கள்தொகை 2010-இல் சுமார் 66,000. இந்த எண்கள் படத்தில் எங்கும் பேசப்படுவதில்லை. ஆனால் குறைந்தபட்சக் கூலிக்கு மேல் தர இயலாத ஒரு பழுதுபார்ப்புக் கடையும், பழைய மர வீடுகள் நிறைந்த தெருக்களும், ஒருவருக்கொருவர் முகம் தெரிந்த காவலர்களும் எப்படி வந்தார்கள் என்பதை இவை சொல்லிவிடும். இந்த நகரத்தின் காவல்துறையே 2000-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் ஊழல் புகாரில் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் விசாரணைக்கு உள்ளாகி, சில காவலர்கள் சிறைக்குப் போன வரலாறும் உண்டு. படத்தின் நடுப்பகுதியில் வரும் காவலர் கும்பலை எழுதுவதற்கு எழுத்தாளர்கள் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டியிருந்திருக்காது.

படத்தின் மூன்று பகுதிகளில் முதலாவதன் நாயகன் லூக் கிளான்டன் (ரயன் காஸ்லிங்). ஊர் ஊராகப் போகும் பொருட்காட்சியில், உருண்டையான இரும்புக் கூண்டுக்குள் இன்னும் இருவரோடு மோட்டார் சைக்கிள் ஓட்டும் சாகசக்காரன். படத்தின் முதல் காட்சியே புகழ்பெற்றது: சட்டையில்லாமல் கத்தியைச் சுழற்றிக்கொண்டிருப்பவனின் முதுகுக்குப் பின்னாலேயே கேமரா நடந்து, பொருட்காட்சியின் விளக்குகளையும் கூட்டத்தையும் கடந்து, அவன் வண்டியில் ஏறிக் கூண்டுக்குள் நுழைவது வரை வெட்டே இல்லாமல் போகும். ஒளிப்பதிவாளர் ஷான் பாபிட், கேமராவோடு தானும் கூண்டுக்குள்ளேயே போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, உள்ளே வண்டி மோதி அடிபட்டார். அதனால்தான் படத்தில் இப்போது கேமரா கூண்டுக்கு வெளியே நின்றுவிடுகிறது. எனக்கு அந்த நிறுத்தம் பிடித்திருக்கிறது. நாயகன் சுற்றிக்கொண்டேயிருக்கும் கூண்டுக்குள் நாம் போவதில்லை.

அந்த ஊரில் முன்பு ஒருமுறை பழகிய ரோமினாவை (ஈவா மெண்டிஸ்) பார்க்க அவள் வீட்டுக்குப் போகும்போது, கதவைத் திறந்த அவளுடைய தாயின் கையில் ஒரு குழந்தை இருக்கிறது. அது உன் பிள்ளை என்று அந்த அம்மாள்தான் சொல்கிறாள். லூக் அன்றே பொருட்காட்சி வேலையை விடுகிறான். தகப்பன் இல்லாமல் வளர்ந்த தன்னைப் போல இந்தப் பிள்ளை வளரக்கூடாது என்பது அவன் எண்ணம். அந்த எண்ணத்தில் குறையில்லை. ஆனால் தகப்பன் என்றால் யார் என்பது குறித்து அவனுக்கு ஒரே ஒரு படம்தான் மனத்தில் இருக்கிறது: பணம் கொண்டுவந்து கொட்டுகிறவன். ராபின் (பென் மெண்டல்சன்) என்னும் மெக்கானிக்கிடம் வேலைக்குச் சேர்ந்து, அந்தக் கூலி போதாமல், அவன் யோசனையின் பேரில் வங்கிகளைக் கொள்ளையடிக்கத் தொடங்குகிறான். கொள்ளையடித்ததும் மோட்டார் சைக்கிளில் பறந்து, சற்றுத் தள்ளிக் காத்திருக்கும் ராபினின் லாரிக்குள் வண்டியோடு ஏறி மறைந்துவிடுவது அவர்களுடைய உத்தி.

இங்கே ஒரு காட்சியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ரோமினா இப்போது கோஃபி என்பவனுடன் (மகர்ஷலா அலி) அவன் வீட்டில் வாழ்கிறாள். வீடு கோஃபியுடையது, குழந்தையை வளர்ப்பதும் அவன்தான். அந்த வீட்டுக்கு லூக் ஒரு புதிய குழந்தைக் கட்டிலை வாங்கிக்கொண்டு வந்து, யாரையும் கேட்காமல் அறையில் உட்கார்ந்து பூட்டத் தொடங்குகிறான். கோஃபி வருகிறான், இது என் வீடு, வெளியே போ என்கிறான். அவன் சொல்வதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. லூக் கையில் கட்டிலைப் பூட்டும் ஸ்பேனர் இருக்கிறது. அதைக் கொண்டே கோஃபியை முகத்தில் அடித்துவிடுகிறான். அன்பாகக் கொண்டுவந்த பொருளும் வன்முறைக்கான கருவியும் ஒரே பெட்டியில் வந்து இறங்குகின்றன. கைதாகி, ராபின் ஜாமீன் கட்டி வெளியே வந்த பிறகு லூக் நிதானம் இழக்கிறான். இதோடு போதும் என்று வண்டியையே உடைத்துப்போடும் ராபினிடம் துப்பாக்கி முனையில் பணத்தைப் பிடுங்கி, தனியாகக் கொள்ளையடிக்கப் போகிறான். மின்னலைப் போல் ஓட்டினால் இடியைப் போல்தான் மோதி விழுவாய் என்று ராபின் முன்பு சொன்னது நடந்துவிடுகிறது.

துரத்தலின் முடிவில் வண்டி கைவிட, லூக் முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்குள் புகுந்து, அங்கிருந்த தாயையும் மகனையும் வெளியே அனுப்பிவிட்டு மாடிக்குப் போகிறான். அங்கிருந்து ரோமினாவுக்குத் தொலைபேசியில் பேசுகிறான். தான் யார் என்று பிள்ளையிடம் சொல்லிவிடாதே என்பது அவன் கேட்கும் கடைசி வரம். அப்போது கதவு உடைகிறது. உள்ளே வருபவன் ஏவரி கிராஸ் (பிராட்லி கூப்பர்), பணியில் சேர்ந்து அதிக காலம் ஆகாத ஒரு காவலர். ஏவரி சுடுகிறான். அதன் பிறகே லூக்கின் தோட்டா புறப்பட்டு ஏவரியின் காலில் பாய்கிறது. லூக் ஜன்னல் வழியே விழுந்து தரையில் இறந்து கிடக்கிறான். படத்தில் இன்னும் ஒன்றரை மணி நேரம் மீதம் இருக்கிறது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் இடைவேளைக்கு வெகு முன்பே நாயகனைக் கொன்றுவிட்டார்கள்.

இதற்குப் பிறகுதான் உண்மையான காவல்துறைப் படம் தொடங்குகிறது. பலரும் கவனிக்காமல் கடந்துவிடும் பகுதியும் இதுவே. மருத்துவமனையில் படுத்திருக்கும் ஏவரியிடம் மேலதிகாரிகளும் அரசு வழக்கறிஞரும் நடந்ததைக் கேட்கிறார்கள். அந்த விசாரணையில் மிரட்டல் இல்லை. கேள்விகள் எல்லாம் உதவி செய்யும் கேள்விகள். எந்த விடை வசதியானது என்று கேள்வியின் வடிவத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஏவரி ஒரு கணம் தயங்குகிறான். பிறகு, முதலில் சுட்டது கொள்ளைக்காரன்தான் என்ற வடிவத்துக்குள் தன்னை உட்கார்த்திக்கொள்கிறான். யாரும் அவனைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. அவன் சொல்ல வேண்டியிருந்தது ஒரு ‘ஆம்’ மட்டும்.

இந்தப் பொய் சட்டப்படி தேவைப்பட்டதா என்று கேட்டுப் பார்த்தால் காட்சியின் கசப்பு இன்னும் கூடுகிறது. காவலர் ஒருவர் உயிர்போகும்படி சுடலாமா கூடாதா என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் வரையறுக்கின்றன. 1985-ஆம் ஆண்டின் டென்னசி எதிர் கார்னர் வழக்கு, தப்பி ஓடுகிறான் என்பதற்காக மட்டும் ஒருவனைச் சுட்டுக் கொல்லக் கூடாது, அவனால் காவலருக்கோ பிறருக்கோ உயிராபத்து உண்டு என்று நம்ப நியாயமான காரணம் வேண்டும் என்றது. 1989-ஆம் ஆண்டின் கிரஹாம் எதிர் கானர் வழக்கு, பின்னால் உட்கார்ந்து யோசிக்கும் தெளிவோடு அளக்காமல், அந்த நொடியில் அந்த இடத்தில் நின்ற நியாயமான காவலர் ஒருவரின் பார்வையிலிருந்து அளக்க வேண்டும் என்றது. இவற்றில் எதுவும் எதிராளி முதலில் சுட்டிருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. ஆயுதம் ஏந்தி வங்கியைக் கொள்ளையடித்துவிட்டு ஒரு வீட்டுக்குள் புகுந்தவன் முன்னால் தனியாக நின்ற காவலர், பயத்தில் முதலில் சுட்டுவிட்டேன் என்று உண்மையைச் சொல்லியிருந்தாலும் தண்டனையிலிருந்து தப்பியிருக்க வாய்ப்பு உண்டு. அப்படிச் சொல்லியிருந்தால் அவனுக்குக் கிடைக்காமல் போயிருக்கக்கூடியது ஒன்றுதான்: வீரன் என்ற பட்டம்.

அந்தப் பட்டத்தை வாங்கிக்கொண்ட பிறகு, இறந்தவனுக்கு ஒரு கைக்குழந்தை இருப்பது ஏவரிக்குத் தெரிய வருகிறது. அவனுடைய மகன் ஏ.ஜே.க்கும் ஏறக்குறைய அதே வயது. மனநல ஆலோசகர் முன்னால் உட்கார்ந்திருக்கும் காட்சியில் கூப்பர் நன்றாக நடித்திருக்கிறார். பெற்ற பிள்ளையோடு இயல்பாக இருக்க முடியாத ஒரு தந்தையின் சங்கடத்தை வசனத்தைவிட முகத்தில் அதிகம் பார்க்கலாம். ஏ.ஜே.யின் கதை உண்மையில் இங்கே ஆரம்பிக்கிறது. பதினைந்து ஆண்டுகள் கழித்து அந்தப் பையன் ஏன் அப்படி வந்து நிற்கிறான் என்று கேட்பவர்கள் இந்தக் காட்சிக்குத் திரும்பி வர வேண்டும்.

அடுத்து வருவது இந்தப் படத்திலேயே மிகக் கொடுமையான காட்சி என்று நான் நினைப்பது. டிலூக்கா (ரே லியோட்டா) என்னும் மூத்த காவலர் இரவு உணவுக்கு வந்ததைப் போல ஏவரியின் வீட்டுக்குச் சகாக்களோடு வந்து, அவனையும் அழைத்துக்கொண்டு ரோமினாவின் வீட்டுக்குப் போகிறார். நீதிமன்றத்தின் சோதனை ஆணை எதுவும் கையில் இல்லை. கொள்ளைப் பணத்தை லூக் எங்கே வைத்திருப்பான் என்று தேடி, குழந்தைக் கட்டிலில் அதைக் கண்டெடுக்கிறார்கள். முன்பு ஸ்பேனரோடு வந்த அதே குழந்தைக் கட்டில் என்ற பொருள் இப்போது மீண்டும் வருகிறது. ஒரு தகப்பன் தன் பிள்ளைக்கு என்று விட்டுப்போன ஒரே சொத்தைப் பிள்ளைக்கு அடியிலிருந்து காவலர்கள் எடுக்கிறார்கள். எடுத்த பணத்தில் பெரிய பங்கை ஏவரியிடமே தருகிறார்கள், நீதானே சம்பாதித்தாய் என்ற தோரணையில். லியோட்டா இங்கே குரலை உயர்த்துவதே இல்லை. அவருடைய சிரிப்பைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும்.

ஏவரி அந்தப் பணத்தை ரோமினாவிடம் திருப்பித் தர முயல்கிறான்; அவள் வாங்க மறுக்கிறாள். காவல்துறைத் தலைவரிடம் கொண்டுபோகிறான். தன்னை இதில் இழுக்காதே என்று அவர் கை கழுவுகிறார். சாட்சியப் பொருள் அறையில் பணியமர்த்தப்பட்டிருக்கும் ஏவரியிடம், வேறொரு வழக்குக்குப் பயன்படுத்த அங்கிருந்து கொக்கெய்னை எடுத்துத் தரும்படி சக காவலர் கேட்கிறார். ஒருநாள் டிலூக்கா தன் காருக்குப் பின்னால் வா என்று சொல்லிக் காட்டுப்பாதைக்குள் அழைத்துப் போகும்போது, ஏவரிக்கு உயிர்ப்பயம் வந்து காரைப் பின்னோக்கி எடுத்து ஓடிவிடுகிறான். மரங்களும் சாலையும் தவிர வேறெதுவும் இல்லாமல் எடுக்கப்பட்ட காட்சி அது. முதல் பகுதியின் எந்தத் துரத்தலையும்விட அச்சமூட்டுவது.

தப்பித்தவன் எங்கே போகிறான் என்பதைக் கவனியுங்கள். தன் அப்பாவிடம் போகிறான். ஆல் கிராஸ் (ஹாரிஸ் யூலின்) ஓய்வுபெற்ற நீதிபதி. சட்டம் படித்த மகன் சாதாரணக் காவலராக வேலைக்குப் போனதில் அவருக்கு வருத்தம் உண்டு. மகனுடைய குழப்பத்தைக் கேட்டதும் அவருக்கு அதில் ஒரு வாய்ப்புத் தெரிகிறது. அப்பாவின் ஆலோசனைப்படி ஏவரி, சக காவலரின் பேச்சை ஒலிப்பதிவு செய்து, அதை நேரடியாக மேலிடத்தில் ஒப்படைக்காமல் அரசு வழக்கறிஞரிடம் (புரூஸ் கிரீன்வுட்) பேரம் பேசி, உதவி அரசு வழக்கறிஞர் பதவியை வாங்கிக்கொள்கிறான். ஊழல் காவலர்கள் பிடிபடுகிறார்கள், நியாயம் வெல்கிறது. ஆனால் முதலில் சுட்டது யார் என்ற விஷயம் அந்தப் பேரத்தில் வரவே இல்லை. மற்றவர்களின் குற்றத்தை வெளியே கொண்டுவந்ததே தன் குற்றத்தை நிரந்தரமாக மூடுவதற்கு ஏவரிக்குக் கிடைத்த வழியாகிவிடுகிறது. நேர்மையான செயலும் சுயநலமான செயலும் ஒரே செயலாக இருக்க முடியும் என்பதை ஒரு வசனமும் இல்லாமல் சொல்லும் இந்தப் பகுதியை, பலரும் மெதுவானது என்று ஒதுக்குவது எனக்கு வியப்பளிக்கிறது. தந்தையிடமிருந்து மகனுக்கு எது போகிறது என்ற கேள்விக்கும் இங்கே ஒரு பதில் உண்டு: நீதிபதி தன் மகனுக்குக் கொடுத்தது பேரம் பேசும் அறிவு.

இனி, பதினைந்து ஆண்டுகள் கழித்து. ஏவரி இப்போது நியூயார்க் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல், அதாவது தலைமைச் சட்ட அதிகாரி, பதவிக்குப் போட்டியிடுகிறான். அந்த மாநிலத்தில் அது மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பதவி. அதனால்தான் அவனுக்கு வீரன் என்ற பெயரும் குடும்பப் படமும் தேவைப்படுகின்றன. மனைவி ஜெனிஃபரை (ரோஸ் பைர்ன்) பிரிந்துவிட்டான். தாத்தா இறந்த பிறகு ஏ.ஜே. (எமரி கோஹன்) அப்பாவோடு வந்து தங்கி, ஸ்கெனக்டடி பள்ளியில் சேர்ந்து, உணவுக்கூடத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஜேசனை (டேன் டிஹான்) கண்டு நட்பாகிறான். ஜேசன், லூக்கின் மகன்.

தற்செயல் என்ற புகார் பெரும்பாலும் இந்தச் சந்திப்பைக் குறித்ததுதான். அதில் பாதி நியாயம் இல்லை என்பேன். சுமார் 66,000 பேர் வாழும் அந்த நகரத்தில் பொது உயர்நிலைப் பள்ளி ஒன்றே ஒன்றுதான். 1990-களின் தொடக்கத்தில் இரண்டு பள்ளிகளை இணைத்துவிட்டார்கள். ஒரே வயதுப் பையன்கள் இருவர் அந்த ஊரில் இருந்தால் ஒரே உணவுக்கூடத்தில் உட்கார்ந்தே ஆக வேண்டும். சொந்த ஊரைவிட்டுப் போகாத மனிதர்களின் கதையில் இது தற்செயலே அல்ல. ஆனால் புகாரின் மறுபாதி நியாயமானது. முதல் இரண்டு பகுதிகளில் ஒவ்வொரு முடிவுக்கும் முன்னால் ஒரு தயக்கத்தைக் காட்டிய படம், மூன்றாவதில் நிகழ்ச்சிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டு ஓடுகிறது. போதை மருந்து வாங்கும்போது இருவரும் பிடிபடுகிறார்கள். காவல் நிலையத்தில் ஜேசன் யாருடைய மகன் என்பதை அறிந்த ஏவரி, தன் செல்வாக்கைப் பயன்படுத்தி அவன் மீதான வழக்கைக் குறைத்துவிட்டு, அந்தப் பையனோடு பழகாதே என்று மகனுக்குச் சொல்கிறான். ஏன் என்று சொல்வதில்லை. ஏ.ஜே. தன் வீட்டில் நடக்கும் ஒரு விருந்துக்காக ஜேசனைத் திருடச் சொல்கிறான், அந்த வீட்டில் மாட்டியிருக்கும் ஏவரியின் புகைப்படத்தைப் பார்த்து, தன் தந்தையைச் சுட்டவன் ஏ.ஜே.யின் அப்பாதான் என்று ஜேசனுக்கு விளங்குகிறது, சண்டையில் அவன் அடிபட்டு மருத்துவமனைக்குப் போகிறான், துப்பாக்கி வாங்குகிறான். கோஹனின் நடிப்பில் ஒரு சென்னை வெயில் நேரத்து எரிச்சல் போல எப்போதும் ஒரே அளவு கடுகடுப்பு இருக்கிறது; பையனுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க இடம் கிடைப்பதில்லை. டிஹான் மட்டும் இந்தப் பகுதியைத் தாங்குகிறார்.

ரத்தம் பற்றிய கேள்விக்கு இங்கேதான் விடை இருக்கிறது. ஜேசனுக்குத் தன் தந்தையைப் பற்றி எப்படித் தெரிகிறது என்ற வரிசையைப் பாருங்கள். லூக் கேட்டுக்கொண்டபடியே ரோமினா எதையும் சொல்லவில்லை. பெயரைச் சொல்பவன் கோஃபி. தன்னிடம் வாக்குவாதம் செய்யும் பையனிடம், அவனை வளர்த்த மனிதனே, வேறொருவன் பெயரைக் கொடுத்துவிடுகிறான். மீதியை ஜேசன் இணையத்தில் தேடுகிறான். அங்கே கிடைப்பதெல்லாம் பழைய செய்தி: கொள்ளைக்காரன், அவனைச் சுட்ட வீரன். அதாவது மருத்துவமனைப் படுக்கையில் சொல்லப்பட்ட அந்த ஒரு ‘ஆம்’ பத்திரிகை வழியாக இப்போது இறந்தவனின் மகனிடம் வந்து சேர்கிறது. பிறகு ராபினைத் தேடிப் போகிறான். உன் அப்பாவைப் போல வண்டி ஓட்டியவனை நான் பார்த்ததில்லை என்று ராபின் சொல்கிறான். பையனுக்குக் கிடைத்தவை இவ்வளவுதான்: ஒரு பெயர், ஒரு பொய்யான செய்தி, ஒரு மெக்கானிக்கின் புகழுரை. இவற்றை வைத்துத்தான் அவன் தனக்கு ஒரு தந்தையைச் செய்துகொள்கிறான். கடைசியில் ஜேசன் மோட்டார் சைக்கிள் வாங்குவதைக் காட்டி ரத்தம் பேசுகிறது என்பவர்கள், இந்த வரிசையை மறந்துவிடுகிறார்கள். ராபினின் கடைக்குப் போகும் வரை அவன் சைக்கிளில் போகும் பையன்.

ஜேசன் துப்பாக்கியோடு ஏவரியின் வீட்டுக்குள் புகுந்து, ஏ.ஜே.யை அடித்துவிட்டு, ஏவரியைப் பைன் காட்டுக்குள் இழுத்துப் போகிறான். டிலூக்காவோடு போன காட்டுப்பாதையில் தப்பித்த ஏவரிக்கு இங்கே தப்பிக்க வழியில்லை. அவன் மண்டியிட்டு அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்கிறான். நீதிமன்றத்திலோ காவல் நிலையத்திலோ பத்திரிகையாளர் முன்போ இத்தனை ஆண்டுகளில் சொல்லாததை, கேட்பதற்கு அந்தப் பையனைத் தவிர வேறு ஆளில்லாத இடத்தில் சொல்கிறான். ஜேசன் சுடவில்லை. ஏவரியின் மேலாடையையும் பணப்பையையும் எடுத்துக்கொண்டு அவன் காரிலேயே போய்விடுகிறான். பணப்பைக்குள் ஒரு பழைய புகைப்படம்: லூக்கும் ரோமினாவும் கைக்குழந்தையான ஜேசனும் ஐஸ்கிரீம் சாப்பிடப் போன அன்று யாரோ ஒருவர் எடுத்துக் கொடுத்தது. தான் கொன்றவனின் குடும்பப் படத்தைத் தன் பணப்பையிலேயே வைத்துக்கொண்டு ஏவரி தேர்தலில் நின்றிருக்கிறான். அவன் கெட்டவனா நல்லவனா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இதைவிடத் தெளிவான பதில் இல்லை. உண்மையைத் தூக்கி எறியவும் மனம் வரவில்லை, வெளியே எடுக்கவும் துணிவு வரவில்லை. அந்தப் படத்தை ஜேசன் தபாலில் அம்மாவுக்கு அனுப்பிவிடுகிறான்.

பரம்பரை பற்றிப் பேசும்போது விமர்சகர்கள் லூக்கையும் ஏவரியையும் மட்டுமே எடுத்துக்கொண்டு கோஃபியை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய குறை. வீடு கொடுத்து, அடி வாங்கி, ஞானஸ்நானத்தில் குழந்தையைக் கையில் ஏந்தி நின்று, பதினைந்து ஆண்டுகள் வளர்த்து, கடைசியில் நான்தான் உன் அப்பா என்று தன் உரிமையை வலியுறுத்த வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டவன் அவன் ஒருவனே. ஜேசன் காட்டில் சுடாமல் விட்டதற்கு ரத்தத்தில் காரணம் தேடினால் கிடைக்காது. லூக்காக இருந்திருந்தால் சுட்டிருப்பான். கோஃபியின் வீட்டில் வளர்ந்தவன் சுடவில்லை. படம் இதை அடிக்கோடிட்டுச் சொல்வதில்லை, அலிக்கு மொத்தமாகச் சில காட்சிகளே உள்ளன என்பதால் பார்ப்பவர்கள் தவறவிடுவதும் இயல்பே. பின்னாளில் இரண்டு ஆஸ்கர் வாங்கிய நடிகரை இவ்வளவு குறைவாகப் பயன்படுத்தியிருப்பது இன்று பார்க்கும்போது உறுத்துகிறது.

பெண்களுக்கும் அதே குறை உண்டு. ரோமினாவுக்கு முதல் பகுதியில் இருக்கும் எடை மூன்றாவதில் இல்லை. ஜெனிஃபர் கணவனைக் கேள்வி கேட்பதற்காக மட்டுமே இருக்கிறாள். தந்தைகளையும் மகன்களையும் பொருளாக எடுத்துக்கொண்டதற்காக, உண்மையை நன்கு அறிந்து பதினைந்து ஆண்டுகள் பேசாமல் இருந்த தாயின் பக்கம் கேமராவைத் திருப்பாமல் விட்டது எழுத்தின் பலவீனம்தான்.

ஆயினும் மூன்றாவது பகுதியின் மிகப் பெரிய குறை என்று நான் கருதுவது தற்செயல் அல்ல, ஏ.ஜே. தான். ஏவரி தேர்தலில் வென்று மேடையில் நிற்கும்போது மகனும் பக்கத்தில் நிற்கிறான். தன் வீட்டுக்குள் புகுந்து தன்னை அடித்து, அப்பாவைக் கடத்திச் சென்றவன் யார், எதற்காக அப்படிச் செய்தான் என்று அவனுக்கு யார் சொன்னார்கள், எதைச் சொன்னார்கள் என்பது படத்தில் இல்லை. காட்டில் மண்டியிட்டுச் சொன்ன உண்மை ஜேசனுக்குக் கிடைத்தது, ஏ.ஜே.க்குக் கிடைத்ததா? கிடைக்கவில்லை என்றால் அந்தப் பொய்யின் வாரிசு இனி அவன் ஒருவன் மட்டுமே. கிடைத்திருந்தால் அவன் அந்த மேடையில் ஏறியது அவனுடைய தாத்தா செய்ததைப் போன்ற ஒரு பேரம். இரண்டில் எது என்று முடிவு செய்யும் ஒரு காட்சியை, அப்பாவும் மகனும் சமையலறையில் உட்கார்ந்து பேசும் ஐந்து நிமிடத்தையாவது, சியன்ஃபிரான்ஸ் எடுத்திருக்க வேண்டும். 140 நிமிடப் படத்தில் அதற்கு இடமில்லை என்று சொல்ல முடியாது. பள்ளிப் பையன்களின் விருந்துக் காட்சியில் பாதியை வெட்டியிருந்தாலே போதும்.